அத்தையின் வாய் தூங்கிய நாட்கள்

1

ஜூலை மாதத்தில் எங்கள் ஊரில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். எங்கள் ஊர் என்று எழுதிவிட்டேன். அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் ஸ்லைகோவைச் சொல்கிறேன். மதுரைப் பசுமலையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இப்படி எழுத வருவதற்கு இருபது வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது. சாயங்காலமானால் கடலிலிருந்து மெல்லிய பனி ஏறி வந்து வீடுகளின் கால்களை மறைத்துவிடும். கூரைகளும் மரங்களின் தலைகளும் மட்டும் எதன்மேலோ மிதந்துகொண்டிருக்கும். முதியோர் இல்லத்தில் செவிலியர் வேலையை முடித்துவிட்டு அதற்குள் நடந்து வரும்போது, இது மாலையா, விடியப்போகிறதா என்று எனக்கு இன்றைக்கும் ஒரு தடுமாற்றம் வரும்.

நேற்று அப்படி வந்தபோது பக்கத்து வீட்டு வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். பாண்டியும் அவள் தம்பி மணியும் இந்த ஊருக்கு வந்து மூன்று வருடம் நிறைந்த நாள். அவர்களின் அம்மா நோரா அதைப் பிறந்தநாள் போலவே கொண்டாடுவாள். 'வந்த நாள்' என்று தமிழிலேயே பெயரும் வைத்திருக்கிறாள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பாண்டி என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"ஆன்ட்டி கிரேஸ்! கேக் வெட்டப் போகிறோம், சீக்கிரம் வாருங்கள்!"

ஆங்கிலத்தில்தான். ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் மேலே தூக்கிப் பாடுகிற ஸ்லைகோ ஆங்கிலம். இதே பிள்ளை ஒரு காலத்தில் என்னை "அத்தை" என்று, முதல் எழுத்தை இழுத்து இரண்டாவதை அழுத்திக் கூப்பிட்டது. அந்தக் குரல் எனக்கு எப்படிக் கிடைத்தது, எப்படிப் போனது என்பதை ஊரில் இருக்கும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

2

நோராவும் பிரையனும் எங்களுக்கு வெகுகாலப் பக்கத்து வீட்டுக்காரர்கள். நோராவுக்குத் தபால் அலுவலகத்தில் வேலை. பிரையன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை, நானும் என் கணவர் சாமுவேலும் கேட்டதில்லை. மதுரை காளவாசலில் என்றால் குடிவந்த வாரத்திலேயே தெருவே கேட்டிருக்கும்.

ஒரு மழை நாளில் நோரா கையில் ஒரு போட்டோவோடு வந்து என் சமையலறையில் உட்கார்ந்தாள். போட்டோவில் ஆறு வயதுப் பெண்பிள்ளை ஒன்று, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடையோடு. அதன் மடியில், மடியைவிடப் பெரியவனாக, மூன்று வயதுத் தம்பி. விழுந்துவிடாதபடி அக்கா அவனை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தது.

"எந்த ஊர் என்று பின்னால் பார்," என்றாள் நோரா.

மதுரை என்று எழுதியிருந்தது. என் கை ஈரமாக இருந்ததால் போட்டோவைச் சட்டென்று மேசையில் வைத்துவிட்டேன்.

இந்தியாவிலிருந்து தத்தெடுக்க எழுதிப்போட்டு, வருடக்கணக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். எங்களுக்குக்கூடத் தெரியாது. அக்காவையும் தம்பியையும் பிரிக்கக் கூடாது, சேர்த்துத்தான் கொடுப்போம் என்று குழந்தைகள் இல்லத்தில் சொல்லியிருந்தார்களாம். அப்படிச் சேர்த்து எடுத்துக்கொள்ள அங்கே யாரும் வரவில்லை.

"எனக்குத் தமிழ் சொல்லிக்கொடு, கிரேஸ்."

நான் அ, ஆ எழுதிக் காட்டினேன். நான், நீ, அவன், அவள் என்று ஆரம்பித்தேன். இரண்டு சனிக்கிழமை பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"இது எனக்கு அப்புறம் போதும். பயந்துபோன ஒரு குழந்தை என்னவெல்லாம் சொல்லும்? அதற்கு அதன் அம்மா என்ன பதில் சொல்வாள்? முதலில் அதைச் சொல்."

எனக்கு உடனே வரவில்லை. ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கோ அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. பசிக்குதா. ஒண்ணுக்கு வருதா. எங்கன வலிக்குது. தூக்கிக்கவா. பயப்படாத, நான் இங்கனதான் இருக்கேன். வெளிநாட்டுத் தமிழ்க் கூட்டங்களில் பேசிப்பேசி என் தமிழ் கஞ்சி போட்ட சேலை மாதிரி விறைத்துப் போயிருந்தது. அன்றைக்கு என் சமையலறைக்குள் மதுரை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

நோரா தபால் தலைகளைக் கிழித்துக்கொண்டே முணுமுணுப்பாள். 'ழ' அவளுக்கு எளிதாக வந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வராதது. 'ண'தான் கடைசிவரை வழிக்கு வரவில்லை. பிரையன் தன் தொழிலுக்கு ஆனதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஏறு, இறங்கு, உக்காரு, கம்பியப் புடி.

அப்போது என் மகன் ஜோயலுக்குப் பதினாறு வயது. மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு சனிக்கிழமை கேட்டுக்கொண்டிருந்தான். நோரா போன பிறகு ஆங்கிலத்தில் சொன்னான்:

"அம்மா, இதில் ஒன்றுகூட நீங்கள் என்னிடம் பேசியதில்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ ஒரு பலகாரத்தை அடுத்த வீட்டுக்குக் கொடுத்ததைப் பார்த்த பிள்ளை மாதிரி சொன்னான். அவன் பாலர் பள்ளிக்குப் போன புதிதில், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள், குழந்தை குழம்பிவிடும் என்று அங்கே சொன்னார்கள். நாங்களும் கேட்டுக்கொண்டோம். அதை அவனிடம் சொன்னேன். "சரி" என்று மேலே போய்விட்டான்.

3

அந்த வருடம் ஆனி மாதக் காற்றில் நாங்கள் மதுரையில் போய் இறங்கினோம். துணைக்கும் மொழிக்குமாக நானும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். பசுமலையில் அவர்களுக்கு ஒரு மாடி வீடு பிடித்துக் கொடுத்தார் என் அண்ணன். நான் காளவாசலில் அண்ணன் வீட்டில் தங்கினேன்.

இல்லம் ஊருக்கு வெளியே, கண்மாய்க்கரைப் பக்கம். வரவேற்பறையில் அக்காவும் தம்பியும் போட்டோவில் இருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். அவனை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிப் பிடித்தபடி. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நோரா முட்டிபோட்டு உட்கார்ந்து, மாதக்கணக்கில் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னாள்:

"நான் நோரா. உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

எனக்கு நன்றாகவே புரிந்தது. அந்தப் பிள்ளை நோராவின் நீலக் கண்ணைப் பார்த்தது, வாயைப் பார்த்தது, பிறகு திரும்பி என்னிடம் கேட்டது:

"இவங்க என்ன சொல்றாங்க?"

"நான் நோரா, உன்னப் பாக்கத்தான் வந்தேன்ங்குறாங்க."

"ஓ," என்றது. அதே சொற்கள்தான். என் வாயிலிருந்து வந்தபோது மட்டும் அவை தமிழாக இருந்தன.

"நீங்க யாரு?"

"நான் அத்தை. கிரேஸ் அத்தை."

"அத்தை," என்று சொல்லிப் பார்த்துக்கொண்டது. "நான் பாண்டீஸ்வரி. பாண்டின்னு கூப்புடுவாங்க. இவன் மணி. இவனுக்குப் பேச்சு வரும், ஆனா பேச மாட்டான்."

நோராவை விட்டு அவள் என் பக்கம் திரும்புவது அன்றைக்கே தொடங்கிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை.

4

தத்துக்கான ஆணை கலெக்டர் அலுவலகத்தில் ஏற்கெனவே ஆகியிருந்தது. பாஸ்போர்ட் வந்தால் கிளம்ப வேண்டியதுதான். ஆனால் பாண்டீஸ்வரி என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் இருந்ததைவிட ஆணையில் ஓர் எழுத்து கூடிவிட்டது. அதைத் திருத்தினால்தான் பாஸ்போர்ட்டுக்கே மனுப் போட முடியும் என்று சொல்லிவிட்டார்கள். திருத்துவதற்கு ஒரு மனு, அந்த மனுவோடு வைக்க இல்லத்திலிருந்து ஒரு கடிதம், கடிதத்தில் ஒரு முத்திரை விட்டுப்போனதால் இன்னொரு நடை. பிரையன் சலிக்காமல் போனார். கலெக்டர் அலுவலக வராந்தாவில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் அவரைத் தெரிந்துவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர் "ஏறு, ஏறு" என்றதும் பிரையன் தனக்குத் தெரிந்த சொல்லைக் கேட்ட மகிழ்ச்சியில், தான் போகிற பக்கத்து ஆட்டோ இல்லையென்றாலும் ஏறிவிடுவார்.

அதற்குள் பிள்ளைகளைப் பசுமலை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. நான் தினமும் காலையில் போவேன். வீட்டுக்குக் கீழே கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு பாண்டி நிற்பாள்.

"அத்தை, ஏன் இம்புட்டு நேரம்?"

அவளுக்குச் சொல்ல அவ்வளவு இருந்தது. பல்லி விழுந்தது, மணி சிரித்தது, வெள்ளையம்மா இட்லியைக் கத்தியால் வெட்டித் தின்றது. நோராவை அவள் வெள்ளையம்மா என்றுதான் சொல்வாள், அதுவும் என்னிடம். நோராவிடம் நேராக ஒன்றும் பேச மாட்டாள். தண்ணீர் வேண்டும் என்றாலும் என்னிடம் சொல்லி, நான் நோராவிடம் சொல்லி, நோரா கொண்டு வர வேண்டும். நோரா தன் தமிழில் எதையாவது கேட்பாள். பாண்டி பதிலை என் பக்கம் திரும்பிச் சொல்வாள்.

அந்த மத்தியான நேரங்கள் என் நினைவில் விழிப்புக்கும் தூக்கத்துக்கும் நடுவில் கிடக்கின்றன. ஜன்னலுக்கு வெளியே மலையின் பாறை வெயிலில் வெளுத்து, பார்க்கப் பார்க்க அசைவது போல இருக்கும். காற்று புழுதியைத் தூக்கி மெதுவாக இன்னோர் இடத்தில் கொண்டுபோய் வைக்கும். திரைச்சீலை உப்பும், அடங்கும். ஒரு நாள் அப்படி பாண்டி என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள். ஜோயலுக்குப் பிறகு ஒரு பெண் குழந்தை வேண்டும் என்று நான் ஆசைப்பட்டு நடக்காமல் போனது பழைய கதை. அந்தக் கனம் என் தொடைக்கு ஏற்கெனவே தெரிந்தது மாதிரி இருந்தது. கால் மரத்துப்போனது. நான் நகரவில்லை.

தூக்கத்தில் அவள் புரண்டு, என் சேலையைக் கையில் சுருட்டிக்கொண்டு, "அம்மா" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் நோரா நின்றுகொண்டிருந்தாள், கையில் தம்ளரோடு. அந்தச் சொல்லுக்கு அவளுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தூங்கி எழுந்ததும் பாண்டி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு ஏற்பாடு சொன்னாள்:

"அத்தை, உங்க வீடும் அவங்க வீடும் பக்கத்துல பக்கத்துலதான? நான் உங்க வீட்ல இருந்துக்குறேன். மணி அவங்க வீட்ல இருக்கட்டும். நான் அப்பப்பப் போயி பாத்துக்குறேன்."

அவனை யாரிடமும் விடாதவள் சொன்னாள். அப்படி முடியாதுடா என்று நான் சொல்லவில்லை. "பாக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். சொன்னேனா என்று இப்போது நினைவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டில் மதினியிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

"அந்தப் புள்ளைக்கு நீ சுலுவா இருக்க கிரேசு. அந்தம்மா கஷ்டமா இருக்கு. சுலுவானதத்தான புள்ள புடிக்கும்?"

"அதுக்கு நான் என்ன மதினி செய்யுறது?"

"எனக்கென்ன தெரியும்? ஆனா நீ ஒண்ணும் கஷ்டப்பட்டுக்கிட்டு அங்கிட்டுப் போற மாதிரித் தெரியல."

5

மறுநாள் நான் கிளம்பும்போது நோரா என்கூடக் கீழே இறங்கி வந்தாள். கம்பிக் கதவருகே நின்றுகொண்டு எதையோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள். ஆங்கிலத்தில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, தமிழில் சொன்னாள்:

"கிரேஸ். நாளைக்கு வராத."

நான் அவளுக்குக் குழந்தைகளோடு பேசும் தமிழ் மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். மரியாதையாகச் சொல்ல வேறு விதம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. அந்தச் சொல் என் மேல் மொட்டையாக வந்து விழுந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறாள் என்பது ஏறியது. கன்னம் சூடானது. மூட்டை முடிச்சோடு உனக்காக வந்தவள் நான் என்று சொல்ல நினைத்தேன். அவள் கை கதவுக் கம்பியைப் பிடித்திருந்தது. பாண்டி காலையில் பிடித்துக்கொண்டு நிற்கும் அதே கம்பி.

பாதையோரம் இருவரும் உட்கார்ந்தோம். நான்தான் சொன்னேன்:

"வராமல் இருந்தால், இன்னும் ஒருத்தி சொல்லாமல் போய்விட்டாள் என்று நினைக்கும். வருகிறேன் நோரா. ஆனால் தமிழ் பேச மாட்டேன்."

"உன்னால் முடியுமா?"

"ஒரு வார்த்தையும் பேச மாட்டேன்," என்றேன்.

6

முடியும் என்று நினைத்துத்தான் போனேன்.

"அத்தை, ஏன் இம்புட்டு நேரம்?"

நான் ஆங்கிலத்தில் காலை வணக்கம் சொன்னேன். அவள் சிரித்தாள், விளையாட்டு என்று. மாடிப்படி ஏறும்வரை விளையாட்டாகவே இருந்தது. மத்தியானத்துக்குள் அவள் முகம் மாறிவிட்டது.

"அத்தை, வாய் வலிக்குதா? நான் எதுவும் தப்பு செஞ்சுட்டேனா?"

இல்லடா தங்கம் என்பதை விழுங்கிக்கொண்டேன். நான் அவள் தலையைத் தடவினேன். ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு மணியை இழுத்துக்கொண்டு மூலையில் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடவில்லை. நான் கொண்டுபோன முறுக்கைத் தொடவில்லை. இப்படி அந்த நாள் போனது, அடுத்த நாளும் போனது. மாலையில் காளவாசல் சிக்னலில் நிற்கும் அத்தனை வண்டிகளின் ஹாரன் சத்தத்துக்குள் நின்று நான் அழுதேன். அந்த இடத்தில் யார் அழுதாலும் கேட்காது.

மூன்றாம் நாள் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பாண்டி நெடுநேரம் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து, துணி மடித்துக்கொண்டிருந்த நோராவிடம் நேராகப் போய் நின்றாள்.

"அத்தைக்கு என்னாச்சு?"

நோரா கையிலிருந்த சட்டையை விட்டுவிட்டாள். பாண்டி அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் தேடுவது எனக்குத் தெரிந்தது. தனக்குத் தெரிந்த சொற்களையெல்லாம் கவிழ்த்துப் போட்டுத் தேடினாள்.

"அத்தை வாய்..." என்றாள். "அத்தை வாய் தூங்குது."

பாண்டி என்னைப் பார்த்தாள். திரும்ப அவளைப் பார்த்தாள். "வாய் எப்பிடித் தூங்கும்?" என்று கேட்டு, கேட்டு முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். அக்கா சிரிக்கிறாளே என்று மணியும் சிரித்தான். நோராவுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று சரியாகத் தெரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். நான் கீரையைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அதிலிருந்து பாண்டிக்கு அது ஒரு வேலையாகிவிட்டது. நோராவின் தமிழைத் திருத்துவது. "வாலி இல்ல, வாளி. நாக்க மடக்கு. இம்புட்டு மடக்கு." தன் நாக்கை வெளியே நீட்டிக் காட்டுவாள். நோராவும் நீட்டுவாள். பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் சரியாகத் தூக்கம் பிடிக்காமல் இருந்தது. ஏன் என்று அவள் நோராவிடமே சொன்னாள். தமிழில் சொல்லிப் பார்த்துப் புரியாமல், தரையில் இரண்டு கையாலும் தட்டிக் காட்டினாள். டக்கு டக்கு, டக்கு டக்கு. எங்க வீட்டுப் பக்கம் எப்பவும் இப்படிக் கேட்கும், அதில்தான் தூக்கம் வரும் என்றாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மதுரையின் செல்லூர்ச் சந்துகளில் பகலும் ராத்திரியும் ஓடுகிற விசைத்தறி. நான் சொல்லவில்லை. பிரையன் கட்டில் சட்டத்தில் விரலால் அதே தாளத்தைத் தட்ட ஆரம்பித்தார். அவருக்கு அது எந்தச் சத்தம் என்று தெரியாது. இருட்டுவதற்குள் பிள்ளைகளும் அவருமாக மூன்று பேருமே தூங்கியிருந்தார்கள்.

7

எழுத்தைத் திருத்தி ஆணை வந்ததும் பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போனோம். கூட்டம். குழந்தைகள், பைகள், டோக்கன். கவுண்டரில் இருந்தவர் நடுவயதுக்காரர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். காகிதங்களைப் பார்த்துவிட்டு, எட்டிக் கீழே பார்த்தார்.

"பாப்பா பேரு என்ன?"

"பாண்டீஸ்வரி. தம்பி பேரு மணிகண்டன். இவனுக்கு நான்தான் சோறு ஊட்டுவேன்."

"சரித்தான். இவுங்க யாரு?" என்று நோராவைக் காட்டினார்.

சும்மா கேட்டாரா, அலுவலாகக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. பாண்டி என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித் தரச் சொல்லும் பார்வை அது. எனக்குத் தெரிந்த அத்தனை தமிழும் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் டோக்கனைப் பார்த்தேன்.

"நோராம்மா," என்றாள் பாண்டி.

"அவரு?"

"பஸ் அப்பா."

அவர் சிரித்துவிட்டு என் பக்கம் பேனாவைக் காட்டினார். "அப்ப இவுங்க?"

"அது எங்க அத்தை," என்றாள் பாண்டி. "அவங்களுக்கு வாய் தூங்குது. எழுப்பக் கூடாது."

அயர்லாந்துக்குத் திரும்பிய விமானத்தில் நான் தனியாக, வேறொரு வரிசையில் உட்கார்ந்தேன். நடுவில் ஒரு முறை எழுந்து பார்த்தபோது நான்கு பேரும் ஒரே போர்வைக்குள் இருந்தார்கள். யாருடைய கால் எது என்று தெரியவில்லை. கீழே மேகம் வயல் வயலாக விரிந்து கிடந்தது, மழைக்குப் பிறகு வாடிப்பட்டிப் பக்கம் தெரிகிற மாதிரி.

8

வந்த முதல் வாரம் நோரா என் வீட்டுக்கு ஓடி வந்தாள், ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டு. பாண்டி ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னலைப் பார்த்துக் கேட்டாளாம்: "நோராம்மா, இங்க சாமிக்கு லைட்ட அமத்தத் தெரியாதா?"

'அமத்த' என்றால் அணைக்க என்று சொல்லி அனுப்பினேன். அதோடு நான் விலகியே இருந்தேன். வேலிக்கு மேல் கையசைப்பேன். கடையில் பார்த்தால் ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை. சாமுவேல், "இதென்ன கொடுமை, ஒரு தெருவுல இருந்துக்கிட்டு?" என்று கேட்டார். பள்ளிக்கூடம் திறந்தது. பனிக்காலம் வந்து, பகல் முழுவதும் சாம்பலாகக் கிடந்தது. அந்தச் சாம்பலுக்குள் சிவப்புக் குல்லாய் போட்ட இரண்டு பிள்ளைகள் பிரையனின் பஸ்ஸில் ஏறிப் போவதும் இறங்கி வருவதும் எனக்குத் தெரியும். முதலில் அவர்களுக்குள் தமிழ் பேசிக்கொண்டு போனார்கள். பிறகு இரண்டும் கலந்து. பிறகு ஒரு நாள் காது கொடுத்துக் கேட்டபோது தமிழ் இல்லை.

வசந்தத்தில் நோரா வந்து சொன்னாள்: "கிரேஸ், இனி நீ பேசலாம். என்னிடம்தான் வருகிறாள். எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருகிறாள்." அவள் கண் கலங்கியிருந்தது.

அன்றைக்கே போனேன். பாண்டி தோட்டத்தில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதமாக அடக்கி வைத்திருந்ததில், கடைசியில் எனக்குக் கிடைத்தது இதுதான்:

"பாண்டி, சாப்டியாடா?"

அவள் நிமிர்ந்தாள். புரிந்தது. தலையை ஆட்டினாள். பாஸ்தா சாப்பிட்டேன், ஆன்ட்டி என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடி துடைத்தாள். அவ்வளவுதான். இன்னும் இரண்டு சொல் போட்டுப் பார்த்தேன். அவள் மரியாதையாகக் காத்திருந்தாள், வயதானவர் ஒருவர் பேசி முடிப்பதற்குக் காத்திருப்பது போல.

இதில் நான் யாரைக் குறை சொல்ல? அவளுக்கு அம்மா கிடைத்துவிட்டாள். அதற்குத்தான் அத்தனை தூரம் போனோம். ஆனாலும் எனக்கு அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வீட்டில் தமிழ் பேசும் ஒரே ஆள் இப்போது நோராதான். சனிக்கிழமைகளில் இன்றும் என்னிடம் வருகிறாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். மரியாதைச் சொற்களும் கற்றுக்கொண்டுவிட்டாள். பிள்ளைகளிடம் தமிழில் பேசுவாள், அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். அவள் நிறுத்தவில்லை.

9

நேற்று கேக் வெட்டி முடிந்ததும் பெரியவர்கள் உள்ளே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கப் படியில் உட்கார்ந்திருந்தேன். பனி தோட்டத்துக்குள் வந்துவிட்டது. அதற்குள்ளிருந்து பாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. கால் நீண்டுவிட்டது.

"ஆன்ட்டி கிரேஸ், எனக்கு ஒரு கனவு திரும்பத் திரும்ப வருகிறது."

கனவில் முகம் கிடையாதாம். புகை வாசனை. கல் மாதிரி ஏதோ ஒன்றின்மேல் அவள் உட்கார்ந்திருக்கிறாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் நெற்றியில் குறுக்கே பிடித்திருக்கிறது. ஒரு பொம்பளைக் குரல் எதையோ சொல்கிறது. "தமிழ் என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் சத்தம் ஞாபகம் இருக்கிறது."

"சொல்லு பார்க்கலாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் எங்கும் மூச்சு விடாமல், ஒரே சொல் போலச் சொன்னாள்:

"கண்ணமூடிக்கசீயக்காயெரியும்."

ஸ்லைகோ எங்குமே இல்லை அதில். அது செல்லூர். சொன்னது பெற்றவளோ, இல்லத்து ஆயாவோ, பக்கத்து வீட்டுக்காரியோ, எந்தக் காகிதத்திலும் அது இல்லை. எனக்கு அர்த்தம் தெரியும். சொல்ல ஒரு நொடி போதும். யாரும் இப்போது என்னை வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

"உங்க அம்மாகிட்டக் கேப்போம்," என்று சொல்லி நோராவைக் கூப்பிட்டேன்.

நோரா தட்டுகளோடு வந்தாள். பாண்டி இன்னொரு முறை சொன்னாள். நோரா தட்டுகளைப் புல்மேல் வைத்துவிட்டு முட்டிபோட்டு உட்கார்ந்து, அந்த நீளமான சத்தத்தைத் துண்டு துண்டாகப் பிரித்தாள். கண்ண. மூடிக்க. எரியும். ஒரு துண்டு மிஞ்சியது. என்னைப் பார்த்தாள்.

"சீயக்காய். தலைக்குத் தேய்க்கிற பொடி," என்றேன். "கண்ணில் பட்டால் காந்தும்."

நோரா பாண்டியின் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: "கண்ணை மூடிக்கொள், இல்லையென்றால் எரியும் என்று சொல்கிறாள். உன் தலையைக் கழுவிக்கொண்டே."

"யார்?"

"தெரியவில்லை, கண்ணே. உனக்குத் தலைக்குக் குளிப்பாட்டிவிட்ட யாரோ."

பாண்டி அழவில்லை. அந்தச் சத்தத்தை உதட்டுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தாள், இப்போது சொல் சொல்லாகப் பிரித்து. அந்த நேரம் பார்த்து மணி பின்னாலிருந்து வந்து மிச்சமிருந்த கேக்கை அப்படியே அக்காவின் தலையில் வைத்து அப்பிவிட்டு ஓடினான். கத்தல், துரத்தல், பிரையனின் சிரிப்பு. பாண்டியின் முடியெல்லாம் வெண்ணெயும் சர்க்கரையும்.

நான் தட்டுகளைக் கழுவ உள்ளே போனேன். மாடியில் குளியலறைக் கதவு திறந்திருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அதோடு நோராவின் குரல், வராத 'ண'வோடு:

"கன்ன மூடிக்க. எரியும்."

"இது குழந்தைகள் ஷாம்பு, மாம்," என்றாள் பாண்டி ஆங்கிலத்தில். "இது எரியாது."

"எரியாட்டியும் மூடிக்க."

நான் குழாயை மூடிவிட்டு, ஈரத் தட்டைப் பிடித்தபடி நின்றேன். மேலே கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் ஓடியது.

"மூடிக்கிட்டேன்," என்றது பாண்டியின் குரல்.